கிரேன்மேல் எட்டு வருஷம்

“ஒன் மருமவன் தலயில சொட்டுச்சுன்னா, அது எங்க ஊட்டுக்காரரு போனதுதான்னு எத்த வெச்சுக்கா சொல்ற? மோந்து பாத்தானா அவன்?”

தண்ணீர் லாரியின் பின்னால் நின்ற வரிசையில் குடத்தை நங்கென்று கீழே வைத்துவிட்டுக் கேட்டாள் கங்கம்மா. லட்சுமியம்மாள் இதை எதிர்பார்க்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரியிடம் மெதுவாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். கங்கம்மாவின் காதுக்கு மெதுவான பேச்சும் தப்பாது என்பதை மறந்துவிட்டாள்.

“நான் இன்னா புதுசாவா சொல்ட்டேன்? கம்பெனியே சொல்து. எங்க மருமவன் ரகு ஹெல்மெட்டு மேல டொக்கு டொக்குனு வுழுந்துச்சாம். அண்ணாந்து பாத்தா, நேரா மேல ஒங்க ஊட்டுக்காரரு கிரேன் கேபினு. வயசான மன்சன், நோவும் அந்த எடத்துல, ரெண்டாவது வாட்டி வைத்தியம் வேற பாத்துக்கினு வந்துகிறாரு. பாவமேன்னுதான் சொன்னேன்.”

“ஒன் பாவத்த நீயே வெச்சுக்க. அவரு துணிய தொவைக்கிறவ நான். நீயா தொவைக்கிற? கல்யாணம் ஆன நாளா அந்த காக்கி பேண்ட்ட நான்தான் கசக்கறேன். கிரீஸ் எங்க ஒட்டும், துரு எங்க ஒட்டும், அல்லாம் எனக்குத் தெர்யும். நீ சொல்றது அதுல கெடையாது. இன்னொரு வாட்டி இந்தப் பேச்சு கேட்டேன், பேண்ட்ட எத்துக்கினு வந்து ஒன் ஊட்டுக் கொடியிலயே காயப் போடுவேன்.”

வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள். லட்சுமியம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வேறு எதற்காகவாவது இந்தச் சண்டை வந்திருந்தால் கங்கம்மா இரண்டு வார்த்தையோடு விட்டிருப்பாள். இதை விட முடியாது. அவள் கணவர் அரசப்பன் ஓய்வுபெற இன்னும் ஆறு மாதம்தான் இருந்தது. அந்தத் தொழிற்சாலையில் ஒரு வழக்கம் உண்டு. கிரேன் ஓட்டுபவர் தம் கடைசி நாளில் கடைசிச் சுமையைத் தாமே இறக்கி வைத்துவிட்டு ஏணியில் இறங்கி வருவார். கொக்கிக்கு அடியிலேயே நிற்கவைத்து மாலை போடுவார்கள். நோய் வந்து கேட்டுக்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டவருக்கு அது கிடையாது. ஆபீசில் ஒரு டீ, ஒரு சால்வை, அவ்வளவுதான். அரசப்பன் மேலேயிருந்து இறங்கி வரவேண்டும். அவருக்கு இருந்த ஒரே ஆசை அது. கங்கம்மாவுக்கோ ஆசையைத் தாண்டி அது பிடிவாதமாகவே ஆகிவிட்டிருந்தது.

ஏன் பிடிவாதம் என்றால், அந்த இடத்துக்கு அவர் ஏறியது சாதாரணமாக இல்லை. அவருடைய அப்பாவும் அம்மாவும் கும்மிடிப்பூண்டிக்கு மேற்கே அடுத்தவர் வயலில் நடவுக்கும் களைக்கும் குனிந்தே காலத்தைக் கழித்தவர்கள். வரப்பின்மேல் ஒருவர் குடை பிடித்து நின்று அதட்டுவார். இவர்கள் கீழே சேற்றில் நிற்பார்கள். அரசப்பன் சிப்காட் தொழிற்பேட்டையில் கம்பி உருட்டும் ஒரு தொழிற்சாலைக்கு மூட்டை தூக்கத்தான் போனார். பிறகு கிரேனுக்குக் கீழே நின்று சங்கிலி மாட்டினார். பிறகு ஒருநாள் மேலே ஏறினார். ஷெட்டின் கூரையை ஒட்டி ஓடும் கிரேன் அது. அதில் தொங்குகிற கண்ணாடி வைத்த பெட்டிதான் கேபின். ஓட்டுபவர் அதற்குள் உட்கார்ந்து, நீள நீளமான இரும்புக் கட்டைகளைச் சூடு ஆறுவதற்கு முன்னால் தூக்கி இடம் மாற்றவேண்டும்.

“எவ்ளோ ஒசரம்டா நைனா?” என்று அவருடைய அம்மா கேட்டாளாம்.

“பனமரம் ஒசரம் இருக்கும்மா.”

அந்தக் கிழவி அன்றிலிருந்து சாகிறவரை ஒரே பேச்சுத்தான். “எம் புள்ள பனமரம் ஒசரத்துல ஒக்காந்து வேல செய்றான். அவனுக்கு மேல நின்னு அதட்ட ஒருத்தனாலயும் ஆவாது.”

அப்படிப்பட்டவர் ஐம்பத்தோரு வயதில் அடிக்கடி இறங்க ஆரம்பித்தார். ஒரு ஏணி இறங்கி, கக்கூஸ் போய், மறுபடி ஏறி உட்கார்ந்தால் அரை மணி நேரத்தில் மறுபடி முட்டும். கட்டை தொங்கிக்கொண்டிருக்கும்போது இறங்க முடியாது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சில ஓட்டுநர்கள் ஒரு காலி பாட்டிலை மேலே எடுத்துப் போய்விடுவார்கள். இவர் மாட்டேன் என்றார். “கீழ மன்சங்க நிக்கிறாங்க. அவங்க தலைக்கு மேல ஒக்காந்துக்கினு அந்த வேல செய்ய மாட்டேன்.” இன்னொரு ஷிப்டில் ஓட்டும் ஸ்டீவன் கேலி செய்வான்: “இன்னாண்ணே, கீழ சின்ன ஊடு எதுனா செட் பண்ணிக்கினியா? இந்த ஓட்டம் ஓடுற!”

கங்கம்மா சர்க்கரை என்றுதான் நினைத்தாள். காபியில் சர்க்கரையை நிறுத்தினாள். அவர் ஒரு வாரம் முகத்தைச் சுளித்துக்கொண்டே குடித்தார். திருவள்ளூர் ஆஸ்பத்திரியில் சர்க்கரை இல்லை என்றார்கள். பி.எஸ்.ஏ. என்று வேறொரு ரத்தப் பரிசோதனை செய்தார்கள். அது ஏறியிருந்தது. சென்னைக்குப் போகச் சொன்னார்கள். அங்கே ஸ்கேன், ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்த்தது எல்லாம் முடிந்தபின், டாக்டர் ஹெலன் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார். சிறுநீர்ப் பைக்குக் கீழே இருக்கும் புரோஸ்டேட் சுரப்பி வீங்கியிருக்கிறது, ஓட்டத்துக்கு அதுதான் காரணம். ஆனால் அதைப் பார்க்கப் போன இடத்தில் வேறொன்று தெரிந்திருக்கிறது. சுரப்பியின் ஒரு பக்கத்தில் புற்று. வெளியே எங்கும் பரவவில்லை.

அரசப்பன் கேட்டது ஒரே கேள்வி.

“மேல ஏறி ஒக்காந்தா, ரெண்டு மணி நேரம் எறங்காம இருக்க முடியுமா டாக்டர்?”

டாக்டர் சிரிக்கவில்லை. அவர் என்ன வேலை செய்கிறார் என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். பிறகு நிதானமாகச் சொன்னார். சுரப்பியை மொத்தமாக அறுத்து எடுக்கலாம், கதிர்வீச்சு வைக்கலாம். இரண்டும் நல்ல வைத்தியம். ஆனால் அறுத்தவர்களில் பலருக்குச் சில மாதம் சிறுநீர் தானாகக் கசியும், சிலருக்கு அது நிற்காமலே போகும். மூன்றாவதாக ஒன்று உண்டு. பூதக்கண்ணாடியில் வெயிலைக் குவித்தால் ஒரே புள்ளியில் சுடும் இல்லையா, அதுபோல அல்ட்ராசவுண்ட் ஒலியைக் குவித்துப் புற்று இருக்கும் பக்கத்தை மட்டும் சுட்டுவிடுவது. வீங்கின இடமும் கொஞ்சம் வற்றும். கத்தி இல்லை. கசிவு வருவது குறைவு.

“அப்ப அதயே பண்ணிடலாமே?” என்றாள் கங்கம்மா.

“அவசரப்படாதீங்கம்மா. மீதிச் சுரப்பி உள்ளேயே இருக்கும். அதில் பின்னாடி திரும்பி வரலாம். பத்துப் பேரில் ரெண்டு மூணு பேருக்கு இன்னொரு தடவை வைத்தியம் தேவைப்படுது. அதனால இதைப் பண்ணிக்கிட்டா உயிரோட இருக்கிறவரைக்கும் ரத்தம் பார்த்துக்கிட்டே இருக்கணும். ‘முடிஞ்சுபோச்சு’ன்னு நான் எப்பவும் சொல்ல மாட்டேன்.”

அரசப்பன் கங்கம்மாவைப் பார்த்தார். “கசியாம இருந்தா போதும். பாத்துக்கினே இருக்கறதுல இன்னா? நானும் மேல ஒக்காந்து அத்தத்தானே செய்றேன்.”

மயக்க மருந்து கொடுத்து, பின்பக்கமாக ஒரு கருவியை வைத்துச் செய்தார்கள். மறுநாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கங்கம்மா அவர் வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, “எங்க கட்டு? எங்க தையலு?” என்று கேட்டாள். ஒன்றும் இல்லை. ஒரு ரப்பர் டியூபும் பையும்தான். டியூபை எடுத்தபின் எரிச்சல், கொஞ்ச நாள் ரத்தக் கலர், இருமினால் இரண்டு சொட்டு. துண்டை மடித்து வைத்துக்கொண்டார். கங்கம்மா அந்தத் துண்டுகளைத் தனியாகத் துவைத்தாள். நாளாக ஆகத் துண்டு குறைந்தது. பிறகு ஒருநாள் துண்டு உலர்ந்தே வந்தது. அன்றைக்கு அவள் யாரிடமும் சொல்லவில்லை. கேசரி மட்டும் கிண்டினாள்.

தெருவுக்கு இது போதவில்லை. அறுக்காத கேன்சர் என்ன கேன்சர்? வயிற்றில் ஒரு கோடுகூட இல்லையே? கெட்ட நோய் எதையோ மறைக்கிறார்கள் என்றார்கள் சிலர். அந்தப் பேச்சு அடங்கும் நேரத்தில் கங்கம்மா நேர்ந்துகொண்டபடி அவரைப் பெரியபாளையத்துக்கு அழைத்துப்போய் அம்மனுக்கு முடி கொடுக்க வைத்தாள். மொட்டைத் தலையோடு பஸ்ஸிலிருந்து இறங்கியதுதான் தாமதம், “முடியெல்லாம் கொட்டிப் பூட்ச்சு, மருந்து ஏத்துறாங்க, இன்னும் மூணு மாசம்தான்” என்று தெரு முழுக்கப் பரவிவிட்டது. துக்கம் விசாரிக்கவே இரண்டு பேர் வந்தார்கள். அரசப்பன் அவர்களுக்கு டீ போட்டுக் கொடுத்துவிட்டு செகண்ட் ஷிப்டுக்குக் கிளம்பினார்.

லட்சுமியம்மாள் ஒருநாள் காதோரம் வந்து வேறு ஒன்றையும் கேட்டாள். அந்த வைத்தியம் செய்தால் புருஷன் பொண்டாட்டி வாழ்க்கை முடிந்துவிடுமாமே என்று. முதல் சில மாதம் அது கஷ்டமாகத்தான் இருந்தது. டாக்டர் மாத்திரை கொடுத்தார், பொறுத்திருக்கச் சொன்னார். பொறுத்திருந்தார்கள். இதையெல்லாம் கங்கம்மா இவளிடம் சொல்லவேண்டிய அவசியம் என்ன?

“ஒங்க ஊட்ல எப்டியோ தெர்லக்கா,” என்றாள். “எங்க ஊட்ல இன்னும் கதவ தாப்பா போட்டுக்கினுதான் படுக்கறோம்.”

ஆறு மாதத்துக்கு ஒருமுறை கும்மிடிப்பூண்டியில் மின்சார ரயில் ஏறுவார்கள். மீஞ்சூர் தாண்டும்வரை அரசப்பன் பேசவே மாட்டார். அத்திப்பட்டு பக்கம் மின் நிலையத்துப் புகைபோக்கி தெரிந்ததும், “அங்க கீது பாரு கிரேனு, அத்த ஓட்றவன் டாப்பு” என்று ஆரம்பிப்பார். பயத்தைப் பேச்சால் மூடுகிறார் என்று அவளுக்குத் தெரியும். ரிப்போர்ட் வந்ததும் மகள் பூமிகா போனில் பார்த்து பி.எஸ்.ஏ. எண்ணைச் சொல்வாள். எண் பூஜ்யம் ஆகவே இல்லை. முதல் தடவை அதைக் கேட்டு கங்கம்மா அழுதுவிட்டாள். சுரப்பி உள்ளே இருக்கிறவரை பூஜ்யம் ஆகாது, ஏறாமல் இருக்கிறதா என்றுதான் பார்க்கவேண்டும் என்று டாக்டர் விளக்கினார். ஏறாமல்தான் இருந்தது. அந்த எண் படுத்தே கிடந்த வருஷங்களில் பூமிகா டிப்ளமோ முடித்தாள், தேர்வாய் கண்டிகையில் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போனாள். வீட்டுக்குத் தளம் போட்டார்கள். அரசப்பன் மேலே உட்கார்ந்தார், ஷிப்ட் முடிந்து இறங்கினார். இடையில் இறங்கியதே இல்லை.

எட்டாவது வருஷம் அந்த எண் ஏற ஆரம்பித்தது. ஒரு தடவை ஏறினால் பரவாயில்லை என்றார்கள். அடுத்த தடவையும் ஏறியது. ஸ்கேனில் சுரப்பியின் இன்னொரு பக்கத்தில் ஒரு சின்ன இடம் தெரிந்தது. ஊசி போட்டுப் பார்த்தார்கள், அதுதான்.

ஆஸ்பத்திரி நடையில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது கங்கம்மாவின் வாயில் அது வந்துவிட்டது. தெருவில் யார் சொல்லியிருந்தாலும் சண்டைக்குப் போயிருப்பாள். “அன்னிக்கே அறுத்து எடுத்துட்டு இருந்தா இன்னிக்கு இந்த பேஜாரு இல்லியே?”

அரசப்பன் கோபப்படவில்லை. “அறுத்தவங்களுக்கும் சில பேருக்குத் திரும்பி வர்தாம், டாக்டரம்மாவே சொன்னாங்க. நீ அத்த வுடு. எட்டு வருசம் மேல ஒக்காந்தேனே கங்கா, அத்த யாரு எனக்குக் குடுத்தது? திரும்பி வரும்னு சொல்லித்தானே பண்ணாங்க? வந்துச்சு. பாத்துக்கினே இருந்தோம், சின்னதா இருக்கசொல்லோ புடிச்சோம்.”

கங்கம்மா பெஞ்சில் இன்னும் நெருங்கி உட்கார்ந்தாள். அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். டாக்டர் ஹெலன் இந்தத் தடவையும் எல்லா வழியையும் சொன்னார். இந்த இடத்துக்கும் ஒலி வைத்தியம் செய்யலாம் என்றார். அரசப்பன் அதையே கேட்டார். டியூப், எரிச்சல், துண்டு, எல்லாம் மறுபடி ஒரு சுற்று வந்தது. முதல் தடவையைவிடத் துண்டு உலரக் கொஞ்சம் அதிக நாள் பிடித்தது. ஆனால் உலர்ந்தது. கம்பெனி டாக்டரும் பார்த்து, மேலே ஏறலாம் என்று சொன்னார்.

அவர் லீவில் இருந்த அந்த நாட்களில்தான் ஷெட்டில் ஒரு நல்லது நடந்தது. சூடு தாங்கவில்லை என்று வருஷக்கணக்காகக் கேட்டு, கிரேன் கேபினுக்கு ஏசி போட்டுக் கொடுத்தார்கள். அரசப்பன் திரும்பி வந்து அந்தக் குளிர்ச்சியில் உட்கார்ந்த முதல் வாரத்திலேயே ரகுவின் ஹெல்மெட்டில் சொட்டியது. ரகு லட்சுமியம்மாளின் மருமகன்; கீழே நின்று சங்கிலி மாட்டுபவன். ஷெட்டில் ஒருவருக்கும் ஏசி என்று தோன்றவில்லை. நோய் என்றுதான் தோன்றியது.

தண்ணீர் லாரிச் சண்டை நடந்த அன்று மாலை அரசப்பன் சீக்கிரமாக வீட்டுக்கு வந்தார். கேட்டில் உட்காரச் சொல்லிவிட்டார்கள்.

“தானியேல் சாரு நல்லாத்தான் பேசினாரு,” என்றார். தானியேல் ஷெட்டின் மேனேஜர். “‘பேப்பர்லாம் சரியா கீது பெரியவரே, ஆனா பசங்க ஒனக்குக் கீழ நிக்க மாட்டேன்றாங்க, நான் இன்னா பண்ணட்டும்’னாரு.”

“நான் வர்றேன் கம்பெனிக்கு. அந்த ரகு மூஞ்சில கேக்கறேன்.”

“நீ வந்து கத்துனா, ‘பொண்டாட்டிய வுட்டு சண்டைக்கு அனுப்புறான், அப்போ நெசந்தான்’னு ஆய்டும். கம்முனு இரு.”

கங்கம்மா கம்மென்று இருந்தாள். அவள் வாழ்க்கையில் அதைவிடக் கடினமான வேலை செய்ததில்லை. அவர் தினமும் போய் கேட்டில் நாற்காலியில் உட்கார்ந்து, உள்ளே வரும் லாரிகளுக்குக் கொடி காட்டிவிட்டு வந்தார். துவைக்கக் கொடுத்த பேண்டில் கிரீஸ் இல்லை, துரு இல்லை. சுத்தமான அந்தப் பேண்டைப் பார்க்கத்தான் அவளுக்கு வயிறு எரிந்தது.

அடுத்த வாரம் ஒரு சாயங்காலம் ஸ்டீவன் சிரித்துக்கொண்டே வாசலில் வந்து நின்றான். சிரிப்பில் பேச்சு வரவில்லை.

“இன்னாடா, சொல்லிட்டு சிரி,” என்றாள் கங்கம்மா.

“அண்ணி... இன்னிக்கு ரகு மேல மறுபடி சொட்டுச்சு. ‘யோவ் பெரியவரே’ன்னு மேல பாத்துக் கத்துறான். நான் கேபின்லேந்து தலைய நீட்டி, ‘பெரியவரு கேட்ல கீறாருடா, மேல இருக்கறது நான்தாண்டா’ன்னேன். ஷெட்டே சிரிச்சுக்கினு கீது. ‘அப்போ ஒனக்கும் கேன்சரா’ன்னு கேக்குறான் ஒருத்தன்! எலக்ட்ரீசியன் ஏறிப் பாத்தான். ஏசி தண்ணி போற பைப்பு கழண்டுகினு தொங்குது. அவ்ளோதான் அண்ணி, அவ்ளோதான்!”

கங்கம்மா சிரிக்கவில்லை. உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். அரசப்பன் ஸ்டீவனுக்கு டீ போடச் சொன்னார்.

அன்றிரவே தானியேல் போன் செய்து, நாளையிலிருந்து மேலே ஏறுங்கள் என்றார். சரி என்று சொல்லாமலே அரசப்பன் போனை வைத்தார். மறுநாள் வேலைக்கே போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை. இப்போது கங்கம்மாவுக்குத்தான் பதற்றம்.

“அதான் கூப்ட்டாங்களே, போயேன்யா. இன்னும் இன்னா வேணும் ஒனக்கு?”

“எறக்குனப்போ பத்து பேரு முன்னாடி எறக்குனாங்க. ஏத்தறது மட்டும் போன்லியா? எவன் கீழ நிக்க மாட்டேன்னானோ அவன் வந்து நிக்கறேன்னு சொல்லட்டும். சும்மா போய் ஏறினா, ஒவ்வொரு கட்டைய தூக்கசொல்லோவும் கீழ கீறவன் என்னைப் பாப்பானா, பைப்பப் பாப்பானா? அப்டி ஒருத்தன வெச்சுக்கினு நான் சுமை தூக்க மாட்டேன்.”

அவள் வாதாடிப் பார்த்தாள். இந்த மனிதர் தன்னைவிடப் பெரிய பிடிவாதக்காரர் என்று அவளுக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. உள்ளுக்குள் அது பிடித்தும் இருந்தது.

மூன்றாம் நாள் மத்தியானம், செகண்ட் ஷிப்டுக்கு முன்னால் ரகு வந்தான். பைக்கை நிறுத்திவிட்டு ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வாசற்படிக்கு வெளியிலேயே நின்றான். பின்னாலேயே லட்சுமியம்மாளும் வந்துவிட்டாள். தெருவில் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

“மாமா, தப்பாப் பேசிட்டேன். அது ஏசி தண்ணி. ஷெட்ல எல்லார்ட்டயும் நானே சொல்ட்டேன்.”

அரசப்பன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கடைசிக் கவளத்தை முடித்துக் கை கழுவினார்.

“நான் மேல ஒக்காந்தா நீ கீழ நிப்பியா?”

“நிப்பேன் மாமா.”

“கட்டை தொங்கசொல்லோ?”

“தொங்கசொல்லோதான் மாமா. நான்தான் சங்கிலி மாட்டுவேன். வேற எவனையும் வுட மாட்டேன்.”

லட்சுமியம்மாள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். கங்கம்மா ஒரு பார்வை பார்த்தாள். லட்சுமியம்மாள், “டீ கீதா கங்கா?” என்று மட்டும் கேட்டாள். இருக்கிறது என்று உள்ளே கையைக் காட்டினாள் கங்கம்மா.

அரசப்பன் சட்டையைப் போட்டுப் பொத்தான்களை ஒவ்வொன்றாக மாட்டினார். அடுத்த மாதம் ரத்தம் பார்க்கப் போகவேண்டும். எண் என்ன சொல்லுமோ தெரியாது. அது அடுத்த மாதம். செருப்பை மாட்டிக்கொண்டு கதவைத் தாண்டி வெளியே வந்தார்.

“ஏறுங்க மாமா, நானே இட்டுக்கினு போறேன்,” என்று ரகு பைக்கைத் திருப்பினான்.

“நீ முன்னாடி போ. நான் மெயின் ரோடு வரைக்கும் நடந்தே வர்றேன்.”

தெருவின் நடுவில், எந்த வீட்டு வாசலையும் விடாமல் எல்லோரும் பார்க்கும்படி அவர் நடந்து போனார். அவசரமே படவில்லை. கங்கம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்று, அந்தக் காக்கி பேண்ட் மூலை திரும்புகிறவரை கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.